இச்சாபத்தியம்

ஜெகதீசன் யாரிடமும் எதையும் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டதில்லை. புனே பக்கம் தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் அவர் வேலை பார்த்த காலத்தில் எல்லாரும் முட்டி மோதி குவார்ட்டர்ஸ் வாங்கினார்கள். இவர் விண்ணப்பமே போடவில்லை. கல்யாணப் பந்தியில் பாயசக்காரர் இவர் இலையைத் தாண்டிப் போனால் போனதுதான், கூப்பிட மாட்டார். 'உங்க இஷ்டம்' என்பதுதான் வாழ்க்கையில் அவர் அதிகம் பேசிய வாக்கியம். பெண் பார்க்கப் போன இடத்திலும் அதையே சொல்லிவைத்தார். நல்லவேளை, குடியாத்தத்துப் பூங்காவனம் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கழுத்தை நீட்டினாள். இல்லாவிட்டால் மனிதர் இன்னும் பிரம்மச்சாரியாகத்தான் இருந்திருப்பார்.

அதே புனேயில், போபோடியில் பிறந்து இந்தி மீடியத்தில் படித்தவர். கிடங்கில் அவர் பெயர் ஜக்தீஷ். தமிழ் பேசுவார், எழுத்து தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு பூங்காவனம்தான் கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம் எழுதிக் காட்டிக் கற்றுக்கொடுத்தாள். ல, ள, ழ மூன்றும் அவருக்கு இன்றைக்கும் ஒன்றுதான்.

அந்தப் பூங்காவனம் மார்ச் மாதம் மகள் காவ்யாவின் பிரசவத்துக்காகக் கனடா போனாள். செப்டம்பரில் திரும்ப டிக்கெட். தினமும் சாயங்காலம், அங்கே காலை, வீடியோவில் வருவாள். "சாப்ட்டீங்களா?" "ஆச்சு. நீ?" "ஆச்சு." அப்புறம் பேரனைக் காட்டுவாள். அவன் போனை வாயில் வைத்துக்கொள்வான், பேச்சு முடிந்துவிடும். ஜெகதீசன் அணைந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கும். அவள் இருந்தவரை அதட்டலும் குக்கர் விசிலுமாக நிறைந்திருந்த வீடு இப்போது வாயை மூடிக்கொண்டுவிட்டது. ஏங்கித்தான் போயிருந்தார். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

மழை ஆரம்பித்ததும் இருமல் பிடித்தது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, ஈரக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று மாத்திரை கொடுத்தார், இருமல் கேட்கவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு முருகன் கோயிலுக்குப் போனபோது வாசலில் ஒரு புத்தகக்கடை போட்டிருந்தார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய மூலிகை வைத்திய நூல் ஒன்றை அப்படியே படம்பிடித்து மறுபடி அச்சடித்திருந்தார்கள். பொடி எழுத்து. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே மூச்சுவிட இடமில்லை. புரட்டிப் பார்த்த ஜெகதீசனுக்கு ஒரே சந்தோஷம். இதில் ஒரு வரிகூட தனக்கு விளங்கப்போவதில்லை. விளங்காவிட்டால் கேட்பதற்குத்தான் கனடாவில் ஆள் இருக்கிறதே!

ஆக, புத்தகத்தை இருமலுக்கு வாங்கியது பாதி, பேச்சுக்கு வாங்கியது பாதி.

"மிளகு எ-ன்னு போட்டுக்கீது. எ-ன்னா இன்னா?"

"ஐயோ, அது எ இல்லீங்க. ஏழு. அந்தக் காலத்து நம்பர் பாக்கறதுக்கு எழுத்து மாதிரியே இருக்கும்."

"திப்பிலி ச?"

"நாலு!"

அதிமதுரத்துக்குக் கடையில் ஜேஷ்டமத் என்று கேட்கச் சொன்னாள். ஆடாதோடை என்பது அவர்கள் தெருமுனை வேலியோரம் மண்டிக் கிடக்கிற அடுள்சாதான் என்பதையும் அவளே சொன்னாள். அவர் போனைத் தூக்கிக்கொண்டு போய் அவளுக்கு வேலியைக் காட்டினார். இலையை விட்டுவிட்டுத் தெருவைப் பார்த்தாள் பூங்காவனம். பால் பூத், குட்டை வேப்பமரம், ஷேர் ஆட்டோ நிற்கிற இடம் என்று ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னாள். அன்றைக்குப் பேச்சு ஒரு மணி நேரத்தைத் தாண்டியது.

ஒரே ஒரு வரியை மட்டும் அவர் அவளிடம் கேட்கவில்லை. அது அவருக்கே விளங்கிவிட்டது. கஷாயத்தை 'இச்சாபத்தியமாய்க் கொள்ளவும்' என்றிருந்தது. இச்சா! இந்தியிலும் மராத்தியிலும் இச்சா என்றால் விருப்பம். அப்படியானால் பத்தியம் நம் விருப்பப்படி. மனசறிந்த வைத்தியர் என்று மெச்சிக்கொண்டு, கஷாயம் குடித்த கையோடு ஊறுகாய், வடாபாவ், புளிக்குழம்பு என்று வெளுத்துக் கட்டினார். இருமல் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமை காவ்யா குரல்செய்தி அனுப்பினாள். "பப்பா, மம்மி இன்னும் சிக்ஸ் மந்த்ஸ் இருக்கட்டுமா? என்னால தனியா சமாளிக்க முடியல. நீங்க சொல்லுங்க."

ஜெகதீசன் அதை மறுபடி மறுபடி கேட்டார். குழந்தையை வைத்துக்கொண்டு அவள் படும் பாடு குரலிலேயே தெரிந்தது. 'உங்க இஷ்டம்' என்று பதில் போட்டார். போட்டுவிட்டு மத்தியானம் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

இரண்டு நாள் பூங்காவனம் போன் பண்ணவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் முன்னால் தட்டில் சிவப்பு எண்ணெய் மிதக்கக் காரப் பயறு மிசல் இருப்பதைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள்.

"கஷாயம் குடிக்கிற ஆளு சாப்பட்றதா இது?"

"புக்லயே போட்டுக்கீது. இச்சா பத்தியம். நம்ம மர்ஜி."

"எங்க, காட்டுங்க."

பக்கத்தைக் காட்டினார். படித்துப் பார்த்தவளுக்குக் கோபத்தை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தாள், பின்னால் காவ்யா பால் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தாள். பூங்காவனம் எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"இஷ்டத்துக்குச் சாப்பட்றதுன்னு அர்த்தம் இல்லீங்க அதுக்கு. புளி ஆகாது, காரம் ஆகாது."

"அச்சா."

"அப்பறம்..." குரலைத் தாழ்த்தினாள். "மருந்து முடியறவரைக்கும் பொண்டாட்டிய நெருங்கக் கூடாது. அதுதான் இச்சாபத்தியம்."

ஜெகதீசன் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"அரே, அது நீ பிளேன் ஏறுன நாள்லேர்ந்து இருக்கறேனே" என்றார். "மருந்தே இல்லாம."

குளியலறையில் சிரிப்பு கணீரென்று எழும்பியது. பாதியில் நின்றது.

"அப்பறம் எதுக்கு உங்க இஷ்டம்னு அனுப்புனீங்க?" என்று கேட்டாள். "உங்கப்பா விட மாட்டாரு, பாருன்னு அவகிட்ட சவால் விட்டுட்டு உக்காந்திருந்தேன். இந்த ஒரு வாட்டியாவது வாயத் தொறப்பீங்கன்னு நெனச்சேன்."

அவருக்கு இருமல் வந்தது. அடங்க நேரமாயிற்று. அதைச் சாக்காக வைத்துக் கண்ணையும் துடைத்துக்கொண்டார். வயசான காலத்தில், கட்டின பெண்டாட்டியிடம் இதைச் சொல்ல இவ்வளவு வெட்கமா என்று அவருக்கே எரிச்சலாக இருந்தது.

"நீ இல்லாம எனக்கு முடியல. வந்துடு" என்றார்.

பூங்காவனம் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"அவளுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்" என்றாள். "நான் பக்குவமா எடுத்துச் சொல்லட்டுமா?"

"வேணாம். போன அவகிட்ட குடு."

கதவு திறந்தது. தரையும் சுவரும் ஆடிக் கடந்தன. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே காவ்யாவின் தூக்கமில்லாத முகம் வந்தது. "ஹாங், பப்பா?" என்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும், பழகின அந்த இரண்டு வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. ஜெகதீசன் அவற்றை விழுங்கினார்.

"பேட்டா," என்றார், "உங்க அம்மா எனக்கு வேணும்."