இரண்டு தொகுப்பாளர்களும் ஒரு படகு ஜோக்கும்

போன முறை சிட்னி வந்தபோது நேசனை அவமானப்படுத்தினேன். அவர் படகில் அகதியாக வந்த ஈழத்தமிழர். என் மகனோடு வேலை பார்ப்பவர். டூங்கபியில் மகன் வீட்டு விருந்தில், இரவுத் தொலைக்காட்சியில் அமைச்சர்களைக் கிண்டலடிக்கும் ஒரு தொகுப்பாளரின் அகதிப் படகு ஜோக்கை அவர் முன்னாலேயே நடித்துக் காட்டினேன். நேசன் சாப்பிடாமல் போய்விட்டார்.

இன்று மேய்ஸ் ஹில் முருகன் கோயில் கன்டீனில் அவர் தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். மன்னிப்புக் கேட்கத்தான் மகனோடு அருகில் போகிறேன். ஓய்வுபெற்ற பேராசிரியன் ஆயிற்றே, பாடம் நடத்தத் தொடங்கிவிடுகிறேன்.

“டிவியில அந்த மாதிரி ரெண்டு தொகுப்பாளர்கள் இருக்காங்க. ஒருத்தர் கத்திக் கத்தி அடிப்பார். இன்னொருத்தர் மரியாதையா சிரிச்சுக்கிட்டே குத்துவார். நான் சொன்னது முதல் ஆளோட பாணி...”

“பாணியில பிழையில்லை, அங்கிள். அவர் அமைச்சரைப் பார்த்துச் சொன்னவர். நீங்கள் என்னைப் பார்த்துச் சொன்னனீங்கள்.”

“ஆமா. தப்பு என்னோடதுதான். மன்னிச்சிடுங்க.”

அவர் தோசைத் தட்டைத் தள்ளிவைக்கிறார். எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, “ஒருத்தர் கத்திக் கத்தி அடிப்பார்” என்று என் குரலிலேயே, என்னைப் பார்த்தே தொடங்குகிறார். பக்கத்து மேசைகள் சிரிக்கின்றன. அதிகம் சிரிப்பது என் மகன்.

“கதிரையை இழுத்துப் போட்டு இருங்கோ, அங்கிள். இன்னும் முடியேல்லை.”

மன்னித்துவிட்டாரா என்று கேட்கத் தைரியமில்லை. உட்கார்கிறேன்.