சாத்தக்கூடாத கதவு

சிமெண்ட் பூந்தொட்டியை இடுப்பால் முட்டி முட்டி நகர்த்திக்கொண்டிருக்கிறார் கதவக்கா. விரியத் திறந்து வைத்த நகராட்சிக் கூடத்தின் இரட்டைக் கதவுக்குப் பக்கத்துக்கொரு தொட்டி. அண்டக் கொடுத்த பிறகும் நம்பிக்கை வராமல் கதவை இழுத்துப் பார்க்கிறார். அசையவில்லை. அப்புறம்தான் முந்தானையால் கழுத்தைத் துடைக்கிறார்.

கூட்டக் குறிப்பு எழுதும் எழுத்தர் அவர். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். கதவக்கா என்பது அலுவலகத்தார் வைத்த பெயர். முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் கோபப்படுவதில்லை. தேர்தல் முடிந்து புது உறுப்பினர்கள் வந்தால், வெளிப்படைக் கூட்டம் நடத்தப் பயிற்சி தருவதும் அவர் வேலை. மூன்று நாள் முன்பே அறிவிப்பு ஒட்டவேண்டும், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், நடந்ததெல்லாம் பதிவாகவேண்டும். விதிப்புத்தகம் பதினெட்டுப் பக்கத்தில் சொல்வதை அவர் ஒரே மூச்சில் முடித்துவிடுவார்: "மூணு பேரு சேர்ந்தா டீ குடிங்க. தீர்மானம் போடாதீங்க."

ஞாயிறு காலைகளில் அவருக்கு ஒரு படை உண்டு. ஊரை அழகாக்கும் தொண்டர்கள்: ஒரு பல் டாக்டர், இரண்டு டீச்சர்கள், சண்டை போட்டுக்கொண்டே களை பிடுங்கும் ஒரு சம்பந்தி ஜோடி. பேருந்து நிலையத்துப் பூப்பாத்திதான் அவர்கள் ராஜ்ஜியம். வேலிக் கம்பிக்குப் பச்சையா நீலமா என்பதற்குக்கூட அறிவிப்பு ஒட்டி, கை தூக்கச் சொல்லி, குறிப்பெழுதுவார். "பெயிண்ட் அடிக்கவே பார்லிமெண்டா?" என்று டாக்டர் முனகுவார். அந்த முனகலும் குறிப்பில் ஏறும்.

நான் போயிருந்த பயிற்சியில் என்னையும் சேர்த்து ஒன்பது புதிய உறுப்பினர்கள். பிற்பகல் மூன்று மணி. வெளியே சாலை போடும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. காண்ட்ராக்டராக இருந்து உறுப்பினரானவர் பொறுமையிழந்து எழுந்தார். "காது கிழியுதுக்கா" என்று தொட்டிகளை இழுத்துப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

கதவக்காவின் பேச்சு நின்றது. கோபமில்லை. முகம் வெளிறிவிட்டது.

"தொறந்துடுங்க தம்பி."

"அஞ்சு நிமிஷம்தானேக்கா."

"அன்னிக்கும் ஏழே நிமிஷம்தான்."

பதினோரு வருடத்துக்கு முன், இதே கூடத்தில், அறிவிப்பு ஒட்டாமல் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தீர்மானம் போட்டார்கள். பேருந்து நிலையத்துப் பழைய சுவரை இடித்துவிட்டுப் பூச்செடி வைக்கலாம் என்று. அந்தச் சுவரோடு சாய்ப்பு இறக்கிக் குடை பழுது பார்த்துவந்தவர், எப்படியோ கேள்விப்பட்டு ஓடிவந்து கதவைத் தட்டினார். தலைவர் உதட்டில் விரல் வைத்தார். கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தவர் கதவக்கா.

"மூணு தட்டு தட்டுனாரு. நடுவுல ஒரு இருமல். எழுந்து தொறந்திருக்கலாம். நான் பேனாவையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

மறுநாள் பொழுது விடியுமுன் சுவரை இடித்தார்கள். சாய்ப்புக்குள் அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"இந்தக் கதவைச் சாத்துனா இன்னமும் வராரு, தம்பி" என்றார் கதவக்கா.

காண்ட்ராக்டர் சிரிக்கப் பார்த்தார். "சுவத்துக்குக் காது உண்டுன்னு கேட்டிருக்கேன். கதவுக்கு வாயும் மொளைச்சிடுச்சா?"

வெளியே இயந்திரம் நின்றது.

கதவில் ஒரு தட்டு. இன்னொரு தட்டு. சளி கட்டிய நெஞ்சிலிருந்து ஓர் இருமல். மூன்றாவது தட்டு.

காண்ட்ராக்டரே போய்த் திறந்தார். நீளமான தாழ்வாரம். மறுகோடியில் துப்புரவுக்காரம்மா மாப்பைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"யாரும்மா வந்தது?"

"யாரும் வரலீங்களே. இப்பத்தான் தொடச்சிட்டுப் போறேன். கால் வச்சிருந்தா தெரியாதா?"

ஈரம் கதவு வரைக்கும் பளபளத்தது. அதில் ஒரு தடம் இல்லை.

காண்ட்ராக்டர் தன் இடத்துக்குத் திரும்பவில்லை. கதவைப் பிடித்தபடியே நின்றார். "இதையும் எழுதுவீங்களாக்கா?"

"நடந்தத எழுதாம?"

எழுதினார். பிறகு, வழக்கப்படி, எழுதியதை உரக்க வாசித்தார். "மூன்று பதினெட்டுக்குக் கதவு சாத்தப்பட்டது. மூன்று இருபத்தைந்துக்குத் திறக்கப்பட்டது. பொதுமக்களில் ஒருவர் வருகை."

வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, காலியாகக் கிடந்த கடைசி வரிசையைப் பார்த்தார். "அங்க கேக்குதுங்களா?" என்றார். சற்றுப் பொறுத்துத் தலையசைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் குரலை உயர்த்தி, முதல் வரியிலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கினார்.