ஆக்சிஜன் குழாயைத் திறந்தது யார்?

1. கௌதள்ளி மாதேஷ்

“சொவத்துல கொழா இருக்குது. கொழால காத்து இருக்குது. மூச்சுக்குத் தவிக்கறவனுக்கு அதக் குடுக்க மாட்டீங்களா? நீங்க டாக்டருங்களா, இல்ல வேற யாராவதுங்களா?”

வார்டின் நடுவில் நின்றுகொண்டு முருகேசன் என்னைக் கேட்ட கேள்வி இது. மைசூரில் ஒரு மருத்துவமனையில் நுரையீரல் டாக்டராகவும் அதே நுரையீரலில் ஆராய்ச்சி செய்பவளாகவும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். திட்டு வாங்காத டாக்டர் கிடையாது. ஆனால் முருகேசன் இடத்தில் நான் நின்றிருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

கட்டிலில் இருந்தவர் முருகேசனின் தங்கை சரசுவின் கணவர், மாதேஷ். மாதேஸ்வரன் மலைக்குப் பக்கத்தில் கௌதள்ளியில் விவசாயம். மோட்டார் ரூமில் குளிர்பான பாட்டில் ஒன்றில் யாரோ களைக்கொல்லியை ஊற்றி வைத்திருக்கிறார்கள். வெயிலில் இருந்து வந்தவர் தண்ணீர் என்று நினைத்து வாயில் கவிழ்த்துவிட்டார். உடனே துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போய்விட்டது. ‘தெரியாமல் குடித்தேன்’ என்று யார் சொன்னாலும் நான் சட்டென்று நம்புவதில்லை. அவரிடம் தனியாகவும் சரசுவிடம் தனியாகவும் பேச்சுக் கொடுத்துப் பார்த்த பிறகே நம்பினேன். வீட்டில் எனக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர். தொழிலில் அந்தக் குணம்தான் எனக்குச் சோறு போட்டது.

அந்தக் களைக்கொல்லி நேராகப் போய் நுரையீரலில் உட்கார்ந்துகொள்ளும். அங்கே ஆக்சிஜன் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவுக்குத் திசுவை எரிக்கும். அடுப்புக்கு ஊதுகுழல் மாதிரி. ஆகவே மூச்சுத் திணறும் மற்றவர்களுக்கு முதலில் கொடுப்பதை இவருக்கு முடிந்தவரை தள்ளிப்போட வேண்டும். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று மெஷின் காட்டும் எண், சேச்சுரேஷன், ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால்தான் ஆக்சிஜன். அதுவரை எல்லோரும் சுவாசிக்கும் வெறும் காற்று. வார்டில் மற்றவர்கள் எல்லாம் கன்னடம் பேசிக்கொண்டிருந்ததால், நான் தமிழில் பொறுமையாகச் சொன்னால் எடுபடும் என்று நினைத்தேன்.

முருகேசன் முழுக்கக் கேட்டார். “தமிழ்ல சொன்னா பொய் நெசமாயிருமுங்களா?” என்றார்.

2. எரியும் வீடு

முருகேசனுக்கு மாதேஸ்வரன் மலையில் கடை. இரண்டு மாநிலத்து பக்தர்களுக்கும் இரண்டு மொழியில் தேங்காய் விற்று ஆளை எடைபோடப் பழகியவர். நான் ஆராய்ச்சி செய்கிறேன் என்பதையும், நுரையீரல் மாற்று அறுவை செய்யும் பெங்களூர் டீமோடு எனக்குத் தொடர்பு உண்டு என்பதையும் ஒரே நாளில் விசாரித்து வைத்திருந்தார்.

இரண்டும் உண்மைதான். திடீரென்று காயப்பட்ட நுரையீரலை எப்படிக் காப்பாற்றுவது, முடியாமல் போனால் எப்போது மாற்றுவது என்பதுதான் என் ஆராய்ச்சி. இந்த விஷத்தில் அவசரப்பட்டுப் புது நுரையீரல் வைத்தால், தசைகளில் பதுங்கியிருக்கும் மிச்சம் ரத்தத்தில் வந்து அதையும் எரித்துவிடும். எப்போது முழுக்கப் போயிற்று என்று சொல்வது? அதைத்தான் தேடிக்கொண்டிருந்தோம். கூடவே, நுரையீரல் தழும்பாகி இறுகாமல் தடுக்கும் ஒரு மருந்தையும் சோதித்துக்கொண்டிருந்தோம். மாதேஷ் சம்மதித்து அதில் சேர்ந்திருந்தார். அதில் முக்கியமான அளவே, ஆக்சிஜன் இல்லாமல் சேச்சுரேஷன் எவ்வளவு நிற்கிறது என்பதுதான்.

முருகேசன் இதையெல்லாம் கூட்டிக் கழித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

“எங்க மாப்பிள்ளையோட நுரையீரல எடுக்கறதுக்குத்தான காத்தக் குடுக்காம வெச்சிருக்கறீங்க?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “எரியற வீட்டுல எவனாவது திருடப் போவானா?” என்றேன்.

“இன்னும் எரியலைன்னு நீங்கதானுங்க காலைல சொன்னீங்க?”

அந்த ஆளை எனக்குப் பிடித்துப்போனது அப்போதுதான்.

3. நல்ல செய்தி

என் ஜூனியர் டாக்டர் நவீன் சாமராஜநகர் பையன். வீட்டில் கன்னடம், எங்களோடு பழகிப் பழகி வந்த தமிழ். ஒரு நாள் முகமெல்லாம் பல்லாக ஓடி வந்தான்.

“நோடி மேடம், இங்க பாருங்க, மாதேஷுக்குச் சேச்சுரேஷன் தொண்ணூத்தெட்டு! மருந்து வேலை செய்யுது!”

இளம் டாக்டர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கெட்ட செய்தியை யாரும் ஜோடிக்க மாட்டார்கள். நல்ல செய்தி வரும்போதுதான் கண்ணைக் கழுவிக்கொண்டு பார்க்க வேண்டும். நான் ரவுண்ட்ஸ் போகும்போது மாதேஷின் சேச்சுரேஷன் தள்ளாடிக்கொண்டிருக்கும். நான் வார்டை விட்டுப் போய்க் கொஞ்ச நேரத்தில் ஜம்மென்று ஏறிவிடும். என்னைக் கண்டால் மருந்துக்கு வெட்கமா?

முதலில் மெஷினைச் சந்தேகப்பட்டேன். வேறு மெஷின் வைத்தோம். அதுவும் அப்படியே காட்டியது. பிறகு நவீனைச் சந்தேகப்பட்டேன். ஒரு மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பும் அவசரத்தில் இருந்தான். வேலியே பயிரை மேய்கிறதோ என்ற எண்ணம் வந்ததும் அவனிடம் ஒன்றும் சொல்லாமல், ரவுண்ட்ஸ் இல்லாத நேரத்தில் திடீரென்று நேராக மாதேஷிடம் போய் நானே ஏபிஜி எடுத்தேன். மணிக்கட்டில் இருக்கும் தமனியில் ரத்தம் எடுத்து, அதில் ஆக்சிஜன் எவ்வளவு என்று நேராக அளக்கும் டெஸ்ட் அது.

வந்த எண்ணைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். வெறும் காற்றைச் சுவாசிக்கும் ஒருவருக்கு, பயில்வானாகவே இருந்தாலும், அவ்வளவு பெரிய எண் வரவே வராது. சிரிஞ்சில் காற்றுக் குமிழி புகுந்தால் சில சமயம் ஏமாற்றும். மறுநாளும் அதேபோல் திடீரென்று போய், குமிழி இல்லாமல் பார்த்து மறுபடி எடுத்தேன். அதே எண்.

அப்படியென்றால் யாரோ ஆக்சிஜன் கொடுக்கிறார்கள்.

எங்கள் வார்டில் ஒரு பழக்கம் உண்டு. தேவையோ இல்லையோ, ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே சுவரில் மாஸ்க்கும் ட்யூபும் மாட்டித் தயாராகத் தொங்கும். ஆபத்து நேரத்தில் தேடி ஓடக் கூடாது என்பதற்காக. மாதேஷின் மாஸ்க்கைக் கையில் எடுத்தேன். யாரும் தொடாமல் தொங்கவேண்டிய மாஸ்க்கின் உட்புறம் மூச்சின் ஈரம் துளித்துளியாகப் படிந்திருந்தது.

பின்னால் நின்ற நவீனுக்கு விஷயம் புரிந்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது.

“என்னைச் சந்தேகப்பட்டீங்களா மேடம்?”

“உன்னை மட்டும் இல்லப்பா, மெஷினையும்தான்.”

அவன் சிரிக்கவில்லை. ஒரு வாரம் என்னோடு காபி குடிக்க வரவில்லை.

4. சரசு

கட்டிலருகே ஸ்டூலில் பையை மடியில் வைத்துக்கொண்டு சரசு உட்கார்ந்திருந்தாள். நான் மாஸ்க்கை நீட்டினேன். மறைக்கவில்லை அவள்.

“நாந்தானுங் தொறந்தேன். நீங்க அந்தப் பக்கம் போனதும் தொறப்பேன். யாராவது வர்றப்ப மூடிருவேன்.”

“உனக்கு யார் இதைத் திருகச் சொல்லிக்கொடுத்தது?”

“கொரோனால என்னப் பெத்த அய்யனுக்கு ஆசுபத்திரில நாந்தானுங் துணைக்கு இருந்தேன், அங்க பாத்துக் கத்துக்கிட்டதுதானுங். ஒரு நாள் காத்து தீந்துபோச்சு. அவரு போறதப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். இப்ப கொழா நெறையக் காத்து இருக்குது, தொறக்கக் கூடாதுன்னா எப்பிடிங்? இன்னொருக்கா அப்பிடிப் பாத்துக்கிட்டு உக்கார என்னால முடியாதுங்.”

“நீ அவரைக் கொல்லப் பாத்தியே!” என்று கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. சரசுவின் முகம் வெளுத்ததைக் கண்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். கணவனுக்கு மூச்சு கொடுத்த பெண்ணை நான் கொலைகாரி என்று சொல்லியிருக்கிறேன்.

அவளைத் திட்டினால் நான் போன பிறகு மறுபடி திறப்பாள். காவலுக்கு ஆள் போட்டால், ஏன் காவல் என்று முருகேசன் கேட்பார். நான் சுவர்க் குழாயில் மாட்டியிருந்த ஃப்ளோமீட்டரைக் கழற்றினேன். திருகும் குமிழும் கண்ணாடிக் குழலும் உள்ள கருவி அது. அது இல்லாமல் அந்தக் குழாயிலிருந்து காற்றை எடுக்க முடியாது. அதைச் சரசுவின் கையில் வைத்தேன்.

“இது உன் பையில இருக்கட்டும். எந்த எண்ணுக்குக் கீழ போனா ஆக்சிஜன்னு சொல்றேன், கேட்டுக்கோ. அதுக்கு மேல இருக்கறப்பக் குடுத்தா நுரையீரல்தான் எரியும். மெஷினை நீயே பாரு. கீழ போய் நின்னுதுன்னா நீயே கொண்டு வா, நான் மாட்டறேன்.”

நர்ஸ் மேஜையில் அவசரத்துக்கு இன்னொரு ஃப்ளோமீட்டர் இருப்பதையும் சொல்லிவிட்டேன். பிற்பாடு தெரிந்தால் எல்லாம் பாழாகிவிடும்.

மாதேஷை ஆய்விலிருந்து நீக்கினேன். “அந்த ரீடிங் மட்டும் விட்டுட்டா கேஸ் நல்லா இருக்கு மேடம்” என்று நவீன் கெஞ்சினான். எது கலப்படம், எது சுத்தம் என்று இனி யாரால் பிரிக்க முடியும்?

5. பையைத் திறக்கவில்லை

அதன் பிறகு சரசு மெஷினை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. எண் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் எல்லைக்குக் கீழே போய் அங்கேயே நின்றது. அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு என் அறைக்கு ஓடி வந்தாள். நான் எழுந்து கை நீட்டினேன். பையைத் திறக்காமல் நின்றாள்.

“இப்பக் குடுத்தா எரியாதுங்களா?”

திறக்காதே என்றபோது திறந்தவள், இப்போது திறக்கப் பயப்படுகிறாள். அந்தப் பயத்தை உண்டாக்கியவள் நான்தான். ‘ஒன்றும் ஆகாது’ என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எரியலாம்” என்றேன். “குடுக்கலேன்னா மூச்சு தாங்காது. இவ்வளவு கீழ போனா குடுக்கறதுதான் வழக்கம். குடுத்தா பிழைச்சிருவாரான்னு கேட்டா, எனக்குத் தெரியாதும்மா.”

அறையில் என்னோடு இருந்த நவீன் தரையைப் பார்த்தான். எனக்குக் கூச்சமாக இருந்தது. இத்தனை படித்து, இத்தனை காலம் ஆராய்ந்து, கடைசியில் கையில் இருப்பது ‘தெரியாது’ என்ற ஒரு சொல்தானா?

சரசு பையைத் திறந்து ஃப்ளோமீட்டரை எடுத்துக் கொடுத்தாள். போய் மாட்டினேன். எண் தாங்கும் அளவுக்கு மட்டும், கொஞ்சமாகத் திறந்தேன்.

6. வெளிநோயாளிப் பிரிவில்

மாதேஷ் பிழைத்தார். நுரையீரல் பாதிக்கு மேல் தழும்பாகி இறுகிவிட்டது. வீட்டில் ஆக்சிஜன் மெஷினோடு இருந்தார், விவசாய வேலை கிடையாது. மாற்று அறுவைதான் வழி என்று பெங்களூர் டீம் சொன்னது. ஆனால் உடம்பில் விஷம் மிச்சமில்லை என்று உறுதியாகும் வரை காத்திருக்கச் சொன்னது. மாதா மாதம் கொள்ளேகால் வழியாக மூன்று பேரும் பஸ் பிடித்து என்னிடம் வருவார்கள். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு அப்படி வந்தபோது முருகேசன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இன்னும் எத்தன நாளுக்குங்க தள்ளிப்போடுவீங்க? புது நுரையீரல யாராவது பெரிய எடத்து ஆளுக்குக் குடுக்கறதுக்கா?”

நான் வாயைத் திறப்பதற்குள் சரசு குறுக்கிட்டாள்.

“சும்மா இருங்கண்ணா. அந்தக் களைமருந்து ஒடம்புல மிச்சம் இருந்தா, புதுசா வெக்கறதும் கெட்டுப்போயிரும். எப்ப முழுசாப் போகும்னு டாக்டரம்மாவுக்கே தெரியாது.”

“தெரியாதா? அப்புறம் எதுக்கு இவங்ககிட்ட வர்றோம்?”

“தெரியாததத் தெரியாதுன்னு சொல்றாங்கல்ல, அதுக்குத்தான்.”