ஹீட்டருக்குப் பின்னால் கருவாடு

பிள்ளைகளே, அந்தக் கார்த்திகை மாதம் நீங்கள் ரெலிபோனில் ஒவ்வொரு நாளும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "அப்பா, நாயும் பூனையும் சுகமோ?" நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டது குறைவு. அதில் எனக்குக் கோபம் இல்லை. அந்த இரண்டுக்காகத்தானே நான் தனியே இருந்தேன்.

சுவிஸில் நாங்கள் இருந்த கட்டடத்தை முழுதாகத் திருத்தப் போகிறோம் என்று எல்லோரையும் எழும்பச் சொல்லிவிட்டார்கள். வேறு வீடு பார்க்கப் போன இடத்திலெல்லாம், நாய் என்றதும் தலையை ஆட்டினார்கள். நீங்களும் அம்மாவும் வின்டர்தூரில் பெரியம்மா வீட்டுக்குப் போனீர்கள். பெரியப்பாவுக்கு நாய் மயிர் பட்டாலே தும்மல். ஆகையால் விடுமுறைக்கென்று நாங்கள் வாங்கிய பழைய வோன்மொபில், கட்டிலும் அடுப்பும் உள்ள அந்த வான், எனக்கும் நாய்க்கும் பூனைக்கும் வீடாயிற்று. ஆராவுக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில், குளிர்காலத்திலும் பூட்டாத ஒரு கம்பிங் இடத்தில் அதை நிறுத்தினேன். அங்கிருந்து சைக்கிளில் வேலைக்குப் போனேன். வயோதிபர் இல்லத்துக் குசினியில் சமையல் வேலை உங்களுக்குத் தெரியும்.

புறப்படும்போது உங்களிடம் சொன்னேன்: "வீடு கிடைக்குமட்டும் ரெண்டையும் ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன்." சின்னவள் என் விரலைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள்.

எங்கள் சனத்துக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. கோயிலில் யாராவது கேட்டால், "வீடு திருத்துறாங்கள், மச்சாள் வீட்டை நிக்கிறம்" என்பேன். இவ்வளவு காலம் இந்த நாட்டில் உழைத்தவன் கடைசியில் வானுக்குள் படுக்கிறானாம் என்று யாரோ சொல்வதை, அவர்கள் சொல்லுமுன் நானே மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். அதுவே போதுமான அவமானமாக இருந்தது.

அம்மா எனக்குக் கட்டாக் கருவாடும் நெத்தலியும் கட்டித் தந்திருந்தார். முதல் கிழமை அதைப் பொரித்தபோது, பக்கத்துக் கரவனில் இருந்த சுவிஸ்காரப் பெண்மணி வந்து கதவைத் தட்டினார். உங்கள் கழிவறைத் தொட்டி நிரம்பிவிட்டதுபோல, ஊற்றும் இடம் அதோ அங்கே இருக்கிறது என்று மிகவும் மரியாதையாகக் கையைக் காட்டினார். என் சாப்பாட்டு மணம் அது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெறுந்தொட்டியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போய், ஊற்றுவதுபோல் ஊற்றிவிட்டு வந்தேன். அவர் ஜன்னலால் பார்த்துச் சிரித்துக் கையசைத்தார்.

அன்றே கருவாட்டைப் பைக்குமேல் பையாகச் சுற்றி, கட்டிலுக்குக் கீழே உள்ள பெட்டிக்குள், ஆகக் கடைசி மூலையில் தள்ளிவிட்டேன். எறிய மனம் வரவில்லை. அந்த மூலைக்குப் பக்கத்தில்தான் ஹீட்டர் இருந்தது. சூடான காற்றைக் கொண்டுபோகும் குழாயும் வயர்களும் அதிலிருந்துதான் புறப்படும். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரம் நான் நினைத்தது மணத்தை மட்டும்.

பூனை நினைத்ததும் மணத்தைத்தான்.

ஒருநாள் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், உள்ளே வெளியை விடக் குளிர். ஹீட்டரில் சிவப்பு விளக்கு மினுங்கியது. நாய் என் சாரத்தை இழுத்துப் போட்டு அதன்மேல் நடுங்கிக்கொண்டு கிடந்தது. அதற்கு அப்போதே வயது போய்விட்டது, பின்னங்கால் இரண்டும் குளிருக்கு இறுகிவிடும். பூனை மட்டும் கட்டிலின் மேல் இருந்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது.

காஸ் போத்தலை மாற்றிப் பார்த்தேன். பியூஸைக் கழற்றி ஊதிப் பார்த்தேன். சரிவரவில்லை. வண்டி பழுதானால் எங்களுடைய ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். யாருக்காவது ஒரு தெரிந்த பெடியன் இருப்பான், ஞாயிற்றுக்கிழமை வந்து படுத்துக் கிடந்து பார்ப்பான், சோறு கொடுத்து அனுப்புவோம். நானும் அப்படித்தான் செய்திருக்க வேண்டும். ஆனால் வருகிறவன் உள்ளே எட்டிப் பார்ப்பான், பின்னேரமே எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் எங்களுடைய ஆட்கள் ஒருவரும் இல்லாத ஒரு சின்னக் கிராமமாகத் தேடி, அங்கே இருந்த கராஜுக்கு அடுத்த நாள் காலை வண்டியைக் கொண்டுபோனேன். விடுமுறைக்குப் புறப்படுகிறோம், ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று எனக்குத் தெரிந்த டொச் மொழியில் முதலாளியிடம் சொன்னேன்.

அவர் உள்ளே கூப்பிட, நீலக் காற்சட்டையோடு ஒரு பெண் வந்தாள். என்னைப் பார்த்தாள்.

"அங்கிள் தமிழோ?"

"ஓம் பிள்ளை."

"ஆராவ்க் கோயிலுக்கு வாறனீங்கள், என்ன? அம்மாவோடை கதைக்கேக்கை கண்டிருக்கிறன்."

முகச்சாயலில் அவளுடைய அம்மா யார் என்று அப்போதுதான் விளங்கியது. கோயிலில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டும் இடத்தில் முதல் ஆளாக இருப்பவர். அவரோடு அரை மணித்தியாலம் இருந்தால் சுவிஸில் உள்ள எல்லோருடைய வீட்டுக் கதையும் தெரிந்துவிடும்.

பிள்ளை வண்டிக்குள் ஏறினாள். நான் கீழே நாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே சாமிப் படம், சோறு சமைக்கும் குக்கர், கம்பியில் காயும் என் பெனியன், உங்களுடைய பள்ளிக்கூடப் படம். விடுமுறைக்குப் போகிறவன் சாமிப் படத்துக்கு விபூதி பூசி வைத்திருக்கமாட்டான். அவள் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தாள். கட்டில் பலகையைத் தூக்கிவிட்டு, பழுது எது என்று பார்க்க, ஹீட்டரில் இருந்த காற்றாடியை நேரே பற்றரியில் பூட்டிச் சுழலவிட்டாள்.

பிள்ளைகளே, அந்த மணம் குழாய் வழியாக வெளிக்கிட்டுக் கராஜ் முழுக்கப் பரவியது. முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு பெரிய கதவைத் திறக்க ஓடினார்.

"அங்கிள், ஷெஃப் கேக்கிறார், உள்ளுக்கை ஏதோ செத்துக் கிடக்குதோ எண்டு." முதலாளியைத்தான் ஷெஃப் என்றாள்.

"எலியா இருக்கும்," என்றேன்.

அவள் கையை விட்டு, கிழிந்த பையை இழுத்து எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "எலியில்லை அங்கிள். கட்டா. நெத்தலியும் கிடக்கு." பிறகு, பிய்ந்துபோன குழாயையும் கடித்து அறுந்த வயரையும் தூக்கிக் காட்டினாள். "உங்கடை பூனையார் ரண்டு மூண்டு நாளா நல்ல விருந்து சாப்பிட்டிருக்கிறார்."

முதலாளி தூரத்தில் நின்று என்னவென்று கேட்டார். அவள் அவருக்குச் சொன்னதை எனக்கும் தமிழில் சொன்னாள்: "எங்கடை ஊர் ட்ரொக்கன்ஃப்ளைஷ் எண்டனான். இவையள் மலையிலை மாட்டைக் காயவைப்பினம், நாங்கள் கடற்கரையிலை மீனைக் காயவைப்பம், அவ்வளவுதான் வித்தியாசம்." அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காது இரண்டும் கொதித்தன.

"பார்ட் வர நாலைஞ்சு நாள் எடுக்கும் அங்கிள். வண்டி நிக்கட்டும். நாயையும் பூனையையும் வீட்டை கொண்டுபோங்கோ."

"ஓம்," என்று சொன்னேன்.

பூனைக் கூடையைத் தூக்கிக்கொண்டு, நாயையும் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் போய் இருந்தேன். ஒரு பஸ் வந்து நின்று போனது. எந்த வீட்டுக்கு ஏறுவது? அனாதை மிருகங்களை எடுக்கும் இல்லம் ஒன்றின் நம்பரை அம்மா எனக்கு முன்பே அனுப்பியிருந்தார், தேவைப்பட்டால் என்று. அதை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பள்ளிக்கூட இடைவேளையில் சின்னவள் அழைத்தாள்.

"அப்பா, பூனை சாப்பிட்டதோ?"

"நல்லாச் சாப்பிட்டது."

"நாய்?"

நாய் என் சப்பாத்தின்மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது. அதன் நடுக்கம் என் காலில் தெரிந்தது. அந்த நம்பருக்கு அடிப்பதற்கு ஒரு விரல் போதும். அடித்தால் கராஜில் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, கோயிலில் தலை நிமிர்ந்து நிற்கலாம்.

திரும்பி நடந்தேன். அந்தப் பிள்ளை வேறு காருக்குக் கீழே கிடந்தாள். குனிந்து சொன்னேன், "பிள்ளை, கொண்டுபோக வீடு இல்லை. அந்த வண்டிதான் வீடு."

அவள் கீழிருந்து வெளியே வந்தாள். கையைத் துடைத்தாள். "தெரியும் அங்கிள். நீங்கள் சொல்லுவீங்களோ எண்டுதான் பாத்தனான்." போய் முதலாளியிடம் சொன்னாள். என்னைப் பற்றி இன்னொருவர் இன்னொரு மொழியில் சொல்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பது பெரிய வேதனை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நாயைத்தான் பார்த்தார். நல்ல மனிதர் என்று அதில் விளங்கியது.

"கராஜுக்குள்ளை பின்பக்கத்திலை வண்டியை விட்டிட்டு நீங்கள் அதிலையே இருக்கலாமாம், இஞ்சை சூடுதானே. நாயை அவிட்டு விடக்கூடாதாம். சமைக்கக்கூடாதாம்." விரலை ஆட்டி, "கருவாடு அறவே கூடாதாம்," என்றாள்.

"பிள்ளை, கோயிலிலை ஒருத்தருக்கும் இதை..."

"நான் கோயிலுக்கு வாறதே குறைவு. ஆனா அம்மாட்டை ஒண்டும் மறைக்கமாட்டன் அங்கிள்."

அடுத்த நாள் பின்னேரம் வேலையால் வந்தபோது அவள் ஒரு சாப்பாட்டுப் பை நீட்டினாள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு. தனியே ஒரு சின்ன டப்பா. "அது உங்களுக்கில்லையாம். பூனைக்காம். உப்புப் போக ஊறவைச்ச கருவாடு. ஷெஃப் வாறதுக்குள்ளை குடுத்து முடியுங்கோ."

வண்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். பூனை டப்பாவை நக்கி முடித்தது. ஊருக்கே தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

பார்ட் வந்தது, சிவப்பு விளக்கு அணைந்தது, மறுபடி ஆற்றங்கரைக்குப் போனோம். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் அந்தப் பிள்ளையின் அம்மா பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். ஒளிந்து போகப் பார்த்தேன். கண்டுவிட்டார்.

"தம்பி, பூனை சுகமோ?"

அவ்வளவுதான் கேட்டார். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அண்ணை நிமிர்ந்து, "எந்தப் பூனை?" என்றார். அந்த அம்மா தன் பாட்டுக்குப் பூசணிக்காயை வெட்டினார். அவர் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. சொல்வதை எனக்கு விட்டிருந்தார்.

"எங்கடை பூனை அண்ணை," என்றேன். "நானும் அதுவும் நாயும் இப்ப வானுக்குள்ளைதான் இருக்கிறம். வீடு தேடுறன்." முகம் சுட்டது. இன்றைக்கு எழுதும்போதும் சுடுகிறது.

அண்ணை கத்தியைக் கீழே வைத்தார். "நாய் வைக்க ஏலுமெண்ட வீடோ வேணும்? பொறும், யோசிப்பம்," என்றார்.