சாம்பல் நிறத் திராட்சை

“காபிக் கடை. 17.8.2008, ஞாயிறு. சாரல்.” தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு வீடியோ கேசட்டின் முதுகில் நீல மையில் இப்படி எழுதியிருக்கிறது. கையெழுத்து என்னுடையது. கல்யாணப் பத்திரிகை, போட்டோ, மருந்துச் சீட்டு என எது கைக்கு வந்தாலும் தேதி எழுதி வைப்பது பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்குப் பழக்கம். கேசட்டில் இருப்பது என் சித்தப்பாவின் முகம். தேனியில் கம்பம் ரோட்டில் அவர் நடத்திய காபிக் கடைக்குள் என் அத்தை மகன் எடுத்த குறும்படத்தின் காட்சிகள் அவை. முழுப் படமும் ஒரு காபி ஆறுகிற நேரம்தான் ஓடும். அந்தப் படத்தால் எங்கள் குடும்பத்தில் என்ன நடந்தது என்பதை இந்த 2010 முடிவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். தள்ளிப் போட்டால் ஆளுக்கொரு கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். இப்போதே இரண்டு கதைகள் உலவுகின்றன.

என் அப்பாவோடு பிறந்த ஆண்கள் இருவர். மூத்தவரான பெரியப்பா ஓடைப்பட்டியில் திராட்சை போட்டிருந்தார். இளையவர் இந்தச் சித்தப்பா. நடுவில் பிறந்த என் அப்பா சீக்கிரமே போய்விட்டதால், இருவருக்கும் இடையே நின்று பேச ஆளில்லாமல் போயிற்று. பாகத்தில் எங்களுக்கு வீடு வந்தது; அவர்கள் இருவருக்கும் தோட்டம் பாதிப் பாதி, கிணறு பொது. 1999இல் கொடியில் சாம்பல் நோய் விழுந்து காய்ப்பு முழுக்கக் கெட்டது. மண்ணோடு போராடிச் சலித்திருந்த சித்தப்பா தன் பங்கை விற்றுவிட்டுத் தேனிக்கு வந்துவிட்டார். விற்றதில் குற்றமில்லை. பங்காளியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வெளியாளுக்கு விற்றதுதான் குற்றம். எங்கள் பக்கத்தில் அது, அண்ணனை ஆளாக மதிக்கவில்லை என்று ஊரறியச் சொல்வதற்குச் சமம்.

மறு வருஷம் சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு இரண்டு குடும்பமும் வந்திருந்தன. ஆற்றில் குளித்துக் கரையேறிய பெரியப்பா, ஈர வேட்டியோடு எல்லார் முன்னாலும் சொன்னார்: “அவன் உசுரோட இருக்கிற வரைக்கும் அவன் வாசல மிதிக்க மாட்டேன். செத்தா வருவேன். பங்காளி சாவுக்குப் போகாட்டி ஆத்தா கேப்பா. அதுக்கு மட்டும் வருவேன்.” சித்தப்பா பத்தடி தள்ளி நின்று துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். பிழிந்த துண்டையே திரும்பத் திரும்பப் பிழிந்தார்.

சித்தப்பா நிறங்களில் பிரியமுள்ளவர். கடைச் சுவருக்குக் கிளிப்பச்சை அடித்தார். கல்லாவுக்கு மேலே பன்னீர்த் திராட்சைக் குலை ஒன்றை ஆள் வைத்து வரைந்து வாங்கினார். நிஜத் திராட்சையில் பார்க்க முடியாத ஊதா அது. “தோட்டத்த வித்தாச்சு, கொலைய மட்டும் தூக்கியாந்துட்டேன்” என்பார். ஓடைப்பட்டிப் பக்கத்து ஆள் யாராவது காபி குடிக்க வந்துவிட்டால் போதும், ஆற்றிக்கொண்டே மெல்லக் கேட்பார்: “அண்ணன் எப்படி இருக்காக? மூட்டுவலி தேவலையா?” வந்தவர் ஊருக்குப் போய் இதைச் சொல்வார். பதில் ஒருநாளும் வந்ததில்லை. சித்தப்பா வீட்டில் இரண்டு கல்யாணம் நடந்தது. இரண்டுக்கும் பெரியப்பா வரவில்லை. முதல் பத்திரிகையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். இரண்டாவதைத் திருப்பக்கூட இல்லை. சித்தப்பாவுக்கு அதுதான் கூடுதலாக வலித்தது.

இந்த நிலைமையில்தான் அத்தை மகன் மதுரையில் படிப்பை முடித்துவிட்டு ஒரு கேமராவோடு வந்து இறங்கினான். பிழைப்புக்குக் கல்யாண வீடியோ எடுத்தான். மாப்பிள்ளை பொண்ணுக்குப் பின்னால் அருவியையும் ரோஜாப்பூவையும் ஒட்டிக்கொடுத்துச் சலித்துப்போய், தனக்கென்று ஒன்று எடுக்க நினைத்தான். ஒரு காபிக் கடை. கடைக்காரர் ஒரு டம்ளர் காபியை ஊற்றி எதிர் மேசையில் வைத்துவிட்டு ஒருவருக்காகக் காத்திருக்கிறார். யாரும் வரவில்லை. காபி ஆறுகிறது. இவ்வளவுதான் கதை.

சித்தப்பா உடனே சம்மதித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை சலவைச் சட்டை, புதுத் துண்டு, நெற்றியில் பட்டையாகத் திருநீறு என்று மாப்பிள்ளைக் கோலத்தில் வந்து நின்றார். வெளியே காற்றும் சாரலும். நான் கேமராவுக்குக் குடை பிடித்தேன்.

“மாமா, சிரிக்காதீக. யாருக்கோ காத்திருக்கீக, அவுக வரல” என்றான் அத்தை மகன்.

“யாருக்குன்னு சொல்லுடா. ஆளு தெரியாம எப்படிக் காத்திருக்கிறது?”

“யாரையாச்சும் நெனச்சுக்குங்க மாமா.”

சித்தப்பா எதிர் மேசையில் காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவனுக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கும் வேலை இருக்கவில்லை. கல்லாவில் இருந்த சித்தி மட்டும் முணுமுணுத்தாள்: “வாடிக்கையெல்லாம் மழையில நிக்கிது. இங்கன இவுக காலி நாற்காலிக்குக் காபி ஊத்துறாக.”

பத்து நாள் கழித்து அத்தை வீட்டுக் கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டுக் காட்டினான். நிறத்தை எல்லாம் உறிஞ்சி எடுத்திருந்தான். கிளிப்பச்சைச் சுவர் பழைய சிமெண்டாகிவிட்டது. சித்தப்பாவின் முகம் வெளிறிக் கிடந்தது. ஒலியென்று மழைச் சத்தம் மட்டும். சித்தப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை நெருங்கினார்.

“ஏலே, என்னடா என் திராட்சைக்கு மறுபடியும் சாம்பல் நோய் வந்திருச்சு?”

எல்லோரும் சிரித்தோம். “இப்படி இருந்தாத்தான் மாமா சோகம் தெரியும்” என்றான் அவன்.

“சோகமாடா இது? அஞ்சலி போஸ்டர்டா.” சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். பிறகு திரையில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது கேட்டார்: “இத டிவில காட்டுவாகளா? அந்தச் சின்னமனூர் கேபிளு ஓடைப்பட்டி வரைக்கும் தெரியுமில்ல?”

அவர் அஞ்சலி போஸ்டர் என்று சொன்னது சும்மா அல்ல. எங்கள் பள்ளத்தாக்கில் காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எதுவானாலும் பேனரில் கண் கூசும் நிறங்கள் இருக்கும். நிறமில்லாமல் ஒரு முகம் சுவரில் ஒட்டப்பட்டால், எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கூட நின்று “ஐயோ, எப்ப?” என்று கேட்பார். உள்ளூர் கேபிள்காரர்களும் அதே முறையைத்தான் வைத்திருந்தார்கள். சாயங்காலச் செய்திக்கு முன்னால் கண்ணீர் அஞ்சலி வரும். கறுப்பு வெள்ளையில் ஒரு முகம், பின்னால் ஷெனாய்.

கேபிளில் போடுவதற்காகப் படத்திலிருந்து அரை நிமிடத் துண்டு ஒன்றை வெட்டி, சி.டி.யில் பதிந்து கொடுத்தான் அத்தை மகன். சித்தப்பாவின் முகத்தை நோக்கிக் கேமரா மெல்ல நெருங்கும், பிறகு காலி நாற்காலி, அவ்வளவுதான். செப்டம்பர் முதல் வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் அது அஞ்சலிகளை அடுத்து ஒளிபரப்பானது. கடைசியில் படத்தின் பெயர் பொடி எழுத்தில் வந்தது. அதை யாரும் வாசிக்கவில்லை. வாசிக்கும் முன்பே ஓடைப்பட்டியில் பெரியம்மா மார்பில் அடித்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டாள். ஏனென்றால் அந்த முகத்தின் பின்னால் மழைச் சத்தம் இல்லை. ஷெனாய் ஒலித்தது.

ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்று பிற்பாடு பெரியம்மாவிடம் நான் கேட்டதுண்டு. “எழவு வீட்டுக்குப் போன் போட்டு, செத்துட்டீகளான்னா கேப்பாக?” என்றாள்.

மறுநாள் காலை, காபி வியாபாரம் சூடாக நடக்கும் வேளையில், பின்கட்டில் வீடும் இருந்த அந்தக் கடை முன்னால் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் இறங்கிய பெரியம்மா, “என் கொழுந்தனாரே, காலு கையி நல்லாத்தான இருந்துச்சு” என்று ஒப்பாரியை எடுத்தாள். பின்னால் நாலைந்து உறவுக்காரர்கள். கடைசியாகப் பெரியப்பா. தோளில் கோடி வேட்டி, இரண்டு கையிலும் தாங்கிப் பிடித்த ரோஜா மாலை. எட்டு வருஷத்தில் அவர் முதுகு நன்றாக வளைந்திருந்தது. கண்கள் சிவந்து இமைகள் வீங்கியிருந்தன. வழியெல்லாம் அழுதிருக்கிறார். வேலைக்குப் போகுமுன் காபி குடிக்க வந்திருந்த நான் அதைப் பார்த்தேன், அதனால்தான் இதை எழுத முடிகிறது.

கடைக்குள் சித்தப்பா டபராவை உயர்த்தி ஆற்றிக்கொண்டிருந்தார். ஒப்பாரி பாதியில் நின்றது. ஊதாத் திராட்சைக்குக் கீழே, கிளிப்பச்சைச் சுவருக்கு முன்னால், வெற்றிலைச் சிவப்பு உதட்டோடு தம்பி உயிரோடு நிற்பதை அண்ணன் பார்த்தார். யாரோ ஒரு வாடிக்கைக்காரர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாதிருந்தால் என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன்.

உயர்த்திய டபராவைச் சித்தப்பா கீழே இறக்கினார். “வாங்கண்ணே” என்றார். கையிலிருந்த காபியைக் கொண்டுபோய், படத்தில் காலியாக இருந்த அதே நாற்காலியின் முன்னால் வைத்தார். “உக்காருங்கண்ணே. சக்கரை கம்மிதான்.”

பெரியப்பா வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். நாற்காலி வரை வந்தவர் உட்காரவில்லை. மாலையை நாற்காலியின் முதுகில் போட்டார். கோடி வேட்டியை மடித்து அதன்மேல் வைத்தார்.

“சாவுக்கு வருவேன்னேன். வந்துட்டேன்” என்றார். “ஒரு ஆளுக்கு ஒரு தடவதான்.”

வேன் திரும்பிப் போயிற்று. பெரியப்பா நேரே கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தார் என்று பெரியம்மா சொன்னாள். சாவு வீட்டுக்குப் போய்வந்தவர் செய்வது அது. இங்கே தேனியில் சித்தப்பா அந்த மாலையை எடுக்க யாரையும் விடவில்லை. வாடிப்போன பிறகு அவரே எடுத்துப் போய் ஆற்றில் விட்டார்.

அத்தை மகனின் படம் மதுரையில் ஒரு போட்டியில் பரிசு வாங்கியது. கதாநாயகரின் முகத்தில் மரணத்தின் சாயல் அபாரம் என்று நடுவர் பாராட்டினாராம். ஒரு கேடயமும் கொடுத்தார்கள். அதைக் கடையில் மாட்டச் சித்தி ஒத்துக்கொள்ளவில்லை. அவன் அதையும் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனான்.

2010 தை மாதம் சித்தப்பா இறந்தார். மாரடைப்பு, கடைக்குள்ளேயே. போஸ்டருக்கு நல்ல படம் எதுவும் அவசரத்தில் அகப்படவில்லை. அத்தை மகன் சென்னையிலிருந்து அனுப்பியது படத்திலிருந்து எடுத்த அதே வெளிறிய முகத்தை. போஸ்டர் ஒட்டிய சுவருக்கு முன்னால் நின்று இரண்டு பேர் பேசியதை நானே கேட்டேன்.

“இவுகதான் போன தடவையே செத்தாகளே?”

“அட, இன்னொரு படம் எடுக்குறாக போல. வா, பஸ்ஸு வந்துரும்.”

எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. ஓடைப்பட்டிக்குச் சேதி சொல்ல நானே போனேன். நேரில் ஆள் வந்து சொன்னால் நம்பாமல் இருக்க முடியாது என்று நினைத்தேன். பெரியப்பா பந்தலுக்குக் கீழே நின்று கொடியைக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கடைசி வரை கேட்டார். கை கட்டுவதை நிறுத்தவில்லை.

“நெசமாத்தான் பெரியப்பா. நான் பாத்துட்டு வாரேன்.”

“நெசந்தான்னு தெரியுதுப்பா. ஒன் மூஞ்சி சொல்லுதே.” அடுத்த கொடிக்கு நகர்ந்தார். “நான்தான் போய்ட்டு வந்துட்டேனே. அழுதும் முடிச்சுட்டேன். இன்னொரு தடவ அழுகைக்கு எங்கன போவேன்?”

அவர் வரவில்லை. மொட்டை போடவில்லை, தலைமுழுகவும் இல்லை. பங்காளித் தீட்டை 2008லேயே கழித்துவிட்டதாக அவர் கணக்கு. ஊரில் பாதிப்பேர் அது கல்நெஞ்சம் என்கிறார்கள். மீதிப்பேர், சித்தப்பாவே திட்டம் போட்டு அண்ணனை வரவழைத்து அவமானப்படுத்தினார் என்கிறார்கள். நான் சொன்ன இரண்டு கதைகள் இவைதான். முதலாவதை என்னால் மறுக்க முடியும், அழுது வீங்கிய அந்தக் கண்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவதை அப்படி ஒரேயடியாகத் தள்ள முடியவில்லை. அவமானப்படுத்துகிறவர் சர்க்கரை கம்மியாகப் போட்டுக் காபி நீட்ட மாட்டார். ஆனால் வரவழைத்தது?

அத்தை மகனிடம் கேட்டேன். சி.டி.யில் மழைச் சத்தத்தைத் தவிர எதுவும் வைக்கவில்லை என்று சத்தியம் செய்தான். கேபிள் அலுவலகத்துக்குத் தான் போகவில்லை என்றும், காபிக்கொட்டை வாங்கச் சின்னமனூர் போன சித்தப்பாதான் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார் என்றும் சொன்னான். கேபிளை விற்றுவிட்டு இப்போது குமுளியில் ஜீப் ஓட்டுகிறவரைத் தேடிப் போய்ப் பார்த்தேன். “துண்டு போட்ட பெரியவர் ஒருத்தர் கொண்டாந்தாக. சோகமா ஏதாச்சும் சேத்துப் போடுங்கன்னு சொன்ன மாதிரி இருக்கு. சொல்லாமலும் இருக்கலாம் சாரே. சத்தம் கொறச்சலா இருந்தா எங்க பசங்களே எதையாவது ஓட்டி விட்ருவாக” என்றார்.

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். சுவர் வெள்ளையாகிவிட்டது. போன வாரம் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து இந்தக் கேசட்டை ஓட்டிப் பார்த்தேன். நிறத்தை எடுத்ததெல்லாம் கம்ப்யூட்டரில்தான், கேசட்டில் அது அப்படியே இருக்கிறது. கிளிப்பச்சைச் சுவர், ஊதாத் திராட்சை, நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருக்கும் சித்தப்பா. பின்னால் மழை பெய்யும் சத்தம், சித்தியின் முணுமுணுப்பு.

ஷெனாயைப் போடச் சொன்னது யார் என்பதை இன்று வரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.