ஆத்தாளிடம் சண்டை போட்ட ஆடி வெள்ளி

மகமாயியின் பிள்ளைகளே, இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் உடம்பு கொதிக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் மலேசியாவின் கிள்ளானில் ஒரு தனியார் கல்லூரியில் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். அப்பா கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் லோரி ஓட்டினார். விடியும் முன்னே தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து கிளம்பி பஸ் பிடிப்பேன்.

ஆடி மாதம். வணிகச் சட்டத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டு வந்த விரிவுரையாளர், வகுப்பில் இரண்டு பேரை எழுப்பி நிறுத்தினார். ஒன்று நான். இன்னொருவன் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பிரகாஷ், பெரிய காண்ட்ராக்டர் மகன். எங்கள் விடை ஒன்று வரிக்கு வரி ஒரே மாதிரி இருந்ததாம். அவனை எதுவும் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார்.

“எஸ்டேட்டுல இருந்து வர்ற. இந்த இங்கிலீஷ் உனக்கு எப்படி வந்துச்சு?”

அவரும் தமிழர்தான். அதுதான் இன்னும் எரிகிறது.

“நான்தான் சார் எழுதினேன். இப்பவே வேற கேள்வி குடுங்க, உங்க முன்னாலயே எழுதுறேன்.”

“வாய் வேறயா? திங்கட்கிழமை பிரின்சிபால் முன்னால மன்னிப்பு எழுதிக் குடு. இல்லன்னா வெளிய போ.”

பிரகாஷ் ஜன்னலைப் பார்த்தபடி நின்றான். வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வீட்டில் அப்பா பயந்துபோனார். “எழுதிக் குடுத்துடும்மா. படிப்பு முக்கியம்லா.” செய்யாத திருட்டுக்கு மன்னிப்பா? அப்பா மேலும் கோபம் வந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. பொழுது சாயும் நேரத்தில் தோட்டத்து மகமாயி கோயிலுக்குப் போனேன். கூழ் ஊற்றி முடித்து எல்லாரும் போயிருந்தார்கள். நான் கும்பிடவில்லை. கத்தினேன்.

“உனக்குக் கண்ணு இருக்கா இல்லையா? எல்லாத்தையும் பாத்துக்கிட்டுச் சும்மா நிக்கிறியே, உனக்கு எதுக்கு விளக்கு? நான் திருடலன்னு சொல்ல ஒரு ஆளு வேணும். ஒரே ஒரு ஆளு. அதுகூட முடியலன்னா இந்த வாசப்படிய மிதிக்கவே மாட்டேன்!”

பூசாரி எட்டிப் பார்த்தார்.

திங்கட்கிழமை முதல்வர் அறையில் வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தார்கள். “எழுத மாட்டேன்” என்றேன். விரிவுரையாளர் சிரித்தார். அப்போதுதான் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

உள்ளே வந்தவள் நூர்ஜஹான். கோலா சிலாங்கூரில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவரின் மகள். ஒரே வகுப்பு, ஒரே பஸ்ஸில் வருவோம், சிரிப்பதோடு சரி. முதல்வரிடம் சொன்னாள். தேர்வின்போது சார் வெளியே போய்விட்டார். நான் அடுத்த கேள்விக்குக் குனிந்திருந்தபோது, எழுதி ஓரமாக வைத்த தாளை பிரகாஷ் உருவி, பார்த்து எழுதிவிட்டுத் திருப்பி வைத்தான். பக்கத்து வரிசையிலிருந்து அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

முதல்வர் பிரகாஷைக் கூப்பிட்டு, அந்த விடையை உன் வார்த்தையில் சொல் என்றார். அவனால் ஒரு வரி சொல்ல முடியவில்லை. இதை முதல் நாளே கேட்டிருக்கலாமே! என் மதிப்பெண் திரும்பி வந்தது. விரிவுரையாளர் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லாமல் எழுந்து போனார்.

வெளியே வந்ததும் நூர்ஜஹானின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“பிரகாஷோட அப்பா எங்க கடைக்குத் தினமும் வர்றவரு. அதான் பயந்து பேசாம இருந்தேன்” என்றாள். “வெள்ளிக்கிழம மஃரிபு தொழ நின்னேன். மனசு நிக்கவே இல்ல. ஒன் மூஞ்சிதான் வந்துச்சு.”

எனக்குப் புல்லரித்தது. வெள்ளிக்கிழமை பொழுது சாயும் அந்த மஃரிபு தொழுகை நேரத்தில்தான் நான் ஆத்தாளிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். உதவி ஒரு தொழுகையின் வாசல் வழியாக வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

இன்று நானும் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். இரண்டு தாள் ஒரே மாதிரி இருந்தால் இரண்டு பேரையும் தனியாகக் கூப்பிட்டு, உட்கார வைத்துக் கேட்பேன். எந்த ஊர், யார் பிள்ளை என்று கேட்க மாட்டேன். அந்த விரிவுரையாளரை இன்னும் மன்னிக்க முடியவில்லை. அதையும் ஆத்தாளிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன்.

நெஞ்சு கொதிக்கிறவர்களே, கோபம் ஆறட்டும் என்று கோயிலுக்கு வெளியே நிற்காதீர்கள். அப்படியே உள்ளே வாருங்கள். உரக்கவே கேளுங்கள். அவள் தாய், கோபித்துக்கொள்ள மாட்டாள்.