வெஸ்டாவைத் தேடி பள்ளிவாசலுக்கு

1977 பொங்கலுக்கு எங்கள் வீட்டில் பானை வைக்கவில்லை. ஐப்பசியில் என் மனைவி ருக்மணி போய்விட்டாள், துக்க வருடம். ஊரே கரும்பும் மஞ்சளுமாகத் திரியும்போது வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வெஸ்டா என்ற சிறுகோள் பூமிக்கு நெருக்கமாக வந்திருந்த மாதம் அது. பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு கொழிஞ்சாம்பாறையில் காலை ஆறரை பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

"பொங்கலும் அதுவுமா எங்கீங்க போறீங்க?" என்றார் கண்டக்டர்.

"ஒரு சோலிங்க" என்று சமாளித்தேன்.

பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மூணாறு. அங்கிருந்து பள்ளிவாசல் என்ற மலையூர் எட்டு கிலோமீட்டர். மொத்தம் நூற்றைம்பதுக்குச் சற்றுக் குறைவு, டிக்கெட் ஒன்பது ரூபாய் சொச்சம். அங்கிருக்கும் நீர்மின்நிலையத்தின் விளக்குகள் எட்டாத மேல்சரிவில், பேச்சியம்மாள் என்பவரின் டீக்கடையை ஒட்டி ஓர் அறை கிடைத்தது.

பைனாகுலரில் வெஸ்டா வெறும் புள்ளி. சுற்றியிருக்கும் நட்சத்திரங்களும் புள்ளிகளே. 1807இல் அதைக் கண்டுபிடித்த ஜெர்மானிய மருத்துவருக்கும் இதே கதைதான். எது இடம் மாறுகிறதோ அதுதான் கோள். எங்கள் வீட்டில் நான் முதல்நாள் வரைவேன். மறுநாள் எது நகர்ந்தது என்று நான் வாயே திறக்காமல் இருக்க, ருக்மணி பார்த்துச் சொல்ல வேண்டும். ஆசையில் என் கண் எதையும் நகர்த்திவிடும். அவள் சொன்னால்தான் நிச்சயம்.

பள்ளிவாசலில் முதல்நாள் புனர்பூசத்துக்கும் பூசத்துக்கும் நடுவே தெரிந்ததை வரைந்தேன். மறுநாள் எட்டு மணிக்கு ஒரு புள்ளி நகர்ந்த மாதிரி இருந்தது. நிஜமாகவா? கேட்க ஆளில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

கடையைச் சாத்திவிட்டு வந்த பேச்சியம்மாள், "என்னய்யா, ஒடம்புக்கு முடியலையா?" என்றார். படத்தையும் பைனாகுலரையும் நீட்டி, வானத்தில் இடத்தைக் காட்டினேன். "இதுல எது எடம் மாறியிருக்குதுன்னு பாத்துச் சொல்றீங்களாம்மா?"

வெகுநேரம் மாறி மாறிப் பார்த்தார். "எல்லாம் அப்படியேதான் இருக்கு. இது மட்டும் தள்ளிப் போயிருக்குல்லா?"

நான் நினைத்த அதே புள்ளி.

"எம்புட்டுப் பெருசு?"

"குறுக்கால ஐநூறு கிலோமீட்டர் இருக்குமுங்க. எரிமலைக் கொழம்பு ஆறுன பாறைங்க. அஞ்சே கால் மணி நேரத்துக்கு ஒருக்கா தன்னைத்தானே சுத்திக்குமுங்க."

"அங்கன ஆளு உண்டுமா?"

"ஒருத்தரும் இல்லீங்க" என்றவன், நிறுத்த முடியாமல், "எங்கூட்லயும் இப்ப இல்லீங்க" என்றேன்.

பேச்சியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, பைனாகுலரை மறுபடி வாங்கிப் பார்த்தார்.

போகிறவர்களுக்கு: ஜனவரியில் வானம் தெளிவு, நிலவில்லாத வாரமாகப் பாருங்கள், கம்பளி கட்டாயம். இரண்டு இரவு தங்க வேண்டும். முடிந்தால் இருவராகப் போங்கள். கூட வர ஆளில்லை என்றால், அங்கே இருப்பவர்களைக் கூச்சப்படாமல் கூப்பிடுங்கள். எனக்கு இரண்டாவது இரவுதான் அந்தத் தைரியம் வந்தது.